ரத்தினபாய் டீச்சர் ரோமுக்குப் போய் வந்த கதை

இரும்புலியூரில் ரத்தினபாய் டீச்சரிடம் கணக்குப் படித்த பெண் ஒருத்தியாவது இல்லாத தெரு கிடையாது. கிழக்குத் தாம்பரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் அவர் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கு நின்றால், நாற்பது வயதுப் பெண்கள் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, "டீச்சர், நான் டென்த் பி செக்‌ஷன், ஞாபகமிருக்கா?" என்று கேட்பார்கள். டீச்சருக்குப் பெயர் வராது. அந்தப் பெண் எந்தக் கணக்கில் தடுக்கி விழுந்தாள் என்பது மட்டும் உடனே வந்துவிடும். "நீ ட்ரிக்னாமெட்ரி பரீட்சையில அழுதவதானே?" என்பார்.

விடை சரியாக வந்திருந்தாலும் போட்ட வழி தப்பு என்றால் மார்க் கொடுக்கமாட்டார். வீட்டிலும் அதே சட்டம்தான். கணவர் சத்தியநாதன் தபால் இலாகாக்காரர், சாது. சிரித்தே சமாளித்துவிடுவார். அவர் மாரடைப்பில் போன பிறகு, அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் சிரிக்க ஆளில்லாமல் போயிற்று.

ஒரே மகள் டெபோரா. அவளுக்கு இருபத்தேழு வயதானபோது, கூடப் படித்த குமரவேலைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பையனுக்குப் பீர்க்கன்கரணை. ஏரிக்கரைப் பக்கம் தாத்தா காலத்தில் பயிர் வைத்த குடும்பம். இப்போது அப்பா முனிரத்தினம் ஹார்டுவேர் கடை நடத்துகிறார், நாலைந்து வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். நல்ல பையன், நல்ல படிப்பு. ஆனால் சர்ச்சுக்கு வராத வீடு. டீச்சருக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

"வழி தப்பு, டெபி. முடிவு எப்படி வந்தாலும் வழி தப்பு" என்றார்.

கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. டீச்சர் போகவில்லை. அன்றைக்கு அவர் வீட்டு ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோப்புத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். குமரவேலுக்கு ரோம் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. டெபோராவுக்கும் அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. கிளம்பும் நாளன்று விமான நிலையத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"ஒரு ஜெபம் மட்டும் பண்ணி அனுப்புங்கம்மா."

டீச்சர் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "என் ஆசீர்வாதம் இல்லாம நீயா கட்டிக்கிட்ட வீடு அது. அதுல பிள்ளச் சத்தம் கேக்காது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு கடுகு தாளித்துச் சாம்பாரில் கொட்டினார். கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னோம் என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. சொன்ன வார்த்தை என்னவென்றே பிற்பாடு அவருக்குச் சரியாக நினைவில்லை.

மூன்று வருஷம் பேச்சில்லை. அம்மா கூப்பிடட்டும் என்று மகளும், மகள் கூப்பிடட்டும் என்று அம்மாவும் இருந்தார்கள். டீச்சர் மட்டும் தினமும் காலையில் முழங்கால் போட்டு, "அவ மனச மாத்தும் ஆண்டவரே" என்று ஜெபித்துவந்தார். போன வருஷம் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது போன் அடித்தது. டெபோராதான். "அம்மா, சாப்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான் அவளால் பேச முடிந்தது. டீச்சர் ஜெபம் கேட்கப்பட்டதாக நினைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு கிறிஸ்டியிடமும் அப்படித்தான் சாட்சி சொன்னார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் போன் வந்தது. இந்த வருஷம் அக்டோபரில் விமான டிக்கெட்டும் வந்தது.

ரோமில் அவர்கள் வீடு ஐந்தாவது மாடியில் இருந்தது. ஒரு சின்ன அறையில் டீச்சருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். சுவர் முழுக்க இளமஞ்சள் பெயிண்ட். குமரவேல் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, "ஹீட்டர் பட்டன் இங்க இருக்கு ஆன்ட்டி" என்று சொன்னான். அத்தை என்று கூப்பிடலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கூப்பிடச் சொல்லலாமா என்று டீச்சருக்கும் தெரியவில்லை. டெபோரா இளைத்துப்போயிருந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். ஆனால் பிடித்த கையைச் சீக்கிரமே எடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் டீச்சருக்கு அறுபத்து மூன்றாவது பிறந்தநாள். அன்று டெபோராவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். அவள் இத்தாலிய மொழி கற்றுக்கொண்ட வகுப்பில் சொல்லிக்கொடுக்க வந்து சிநேகிதமான பாவோலா என்ற பெண், தொல்லியல் படித்தவள். பழைய ரோமானிய இடிபாடுகளை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக்காட்டி விளக்கம் சொல்வது அவள் தொழில். அன்று முழுக்க அவள் அம்மாவுக்கு மட்டும். கூட்டமாகக் கொடி பிடித்துக்கொண்டு போகும் சுற்றுலா இல்லை.

"உங்களுக்குக் கூட்டம் பிடிக்காதேம்மா. அதான் ஓஸ்தியாவுக்குச் சொல்லிருக்கேன். அமைதியா இருக்கும்" என்றாள் டெபோரா. மகள் தனக்கு என்ன பிடிக்காது என்பதை மறக்கவில்லை என்பதில் டீச்சருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ஓஸ்தியா, ரோமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய துறைமுக ஊர். கடல் பின்வாங்கிப் போய்விட, ஊர் மண்ணுக்குள் போய், திரும்பத் தோண்டி எடுக்கப்பட்டது. வாசலைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் கல்லறைகள் இருந்தன. டீச்சர் நின்று பார்த்தார். பாவோலா, "இதைத் திரும்பும்போது பார்க்கலாம், அம்மா. முதலில் உயிரோடு இருந்தவர்களைப் பார்த்துவிடுவோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடியை ஒரு பென்சிலால் சுருட்டிக் குத்தியிருந்தாள். அம்மா என்ற சொல்லை டெபோராவிடம் கேட்டுக் கற்றிருக்கிறாள்.

டீச்சர் தேவாலயங்களும் அரண்மனைகளும் இருக்கும் என்று நினைத்து வந்தவர். பாவோலா காட்டியதோ மாவு மில். கழுதையைக் கட்டிச் சுற்றவிட்ட, ஆளுயர எரிமலைக் கல் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. பிறகு நாலு மாடிக் குடியிருப்பு. "மேல் மாடிக்குப் போகப் போக ஏழைகள். தண்ணீர் ஏறாது, சுமக்க வேண்டும்" என்றாள் பாவோலா. "எங்க தாம்பரத்துலயும் அதே கதைதான்" என்றார் டீச்சர். கல்லால் ஆன பெஞ்சில் வரிசையாகத் துளை போட்ட பொதுக் கழிப்பறை ஒன்று வந்தது. நடுவில் மறைப்பே இல்லை. இருபது பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்களாம். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கணவர் போன பிறகு அப்படிச் சிரித்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

ஒரு சாப்பாட்டுக் கடையின் கல் மேடையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள் பாவோலா. கைகள் பட்டுப் பட்டு வழுவழுவென்று இருந்தது. "ராஜாக்களைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நான் இந்த மேடையில் கை வைத்தவர்களைப் பற்றித்தான் பதினெட்டு வருஷமாகப் படிக்கிறேன்" என்றாள். டீச்சருக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று.

திரும்பும்போது கல்லறைகள் பக்கம் வந்தார்கள். வெயில் சாய்ந்து இதமாக இருந்தது. ஒரு செங்கல் சுவரில் பதித்திருந்த சின்னக் கல் முன்னால் டீச்சர் நின்றார். லத்தீன் எழுத்து புரியவில்லை. ஆனால் நடுவிலிருந்த எண்கள் புரிந்தன. ரோமன் எண்களை ஆறாம் வகுப்புக்கு எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறார்!

"ரெண்டு. அப்புறம் ஏழு. அப்புறம் பதினொண்ணு" என்று விரல் வைத்துப் படித்தார். "இது என்ன கணக்கு?"

"வயது" என்றாள் பாவோலா. "இரண்டு வருஷம், ஏழு மாதம், பதினொரு நாள் வாழ்ந்த குழந்தை. பெரியவர்களுக்குச் சில சமயம் வருஷம்கூடத் தோராயமாகத்தான் இருக்கும். குழந்தைகளுக்கு நாள் கணக்கு எழுதுவார்கள். மணிக்கணக்கு எழுதியதும் உண்டு."

டீச்சர் அந்த எண்களின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. பாவோலா மெதுவாக அவர் தோளில் கை வைத்தாள்.

"உங்களை இங்கே கூட்டி வரலாமா என்று யோசித்தேன், அம்மா. டெபோராவிடம் கேட்டிருக்க வேண்டும். தயாவின் கல்லுக்கு எழுத்து தேர்ந்தெடுக்க அவளோடு நான்தான் போனேன். முன்பு இதே கல்லைக் காட்டியிருந்தேன். 'அவர்களுக்காவது எண்ணுவதற்கு நாட்கள் இருந்தன, என் பெண்ணுக்கு எழுத ஓர் எண்கூட இல்லை' என்றாள். அதனால் பெயர் மட்டும் வெட்டினோம்."

டீச்சர் திரும்பினார். "தயா யாரு?" என்று கேட்டார்.

பாவோலாவின் கை தோளிலிருந்து இறங்கியது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தே டீச்சருக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது? போன வருஷம் மார்ச். எத்தனை மாசம்? எட்டாவது மாசம். உயிரோடு பிறந்ததா? இல்லை. பெண்ணா? பெண்தான். கூட இருந்தது யார்? குமரவேலின் அம்மா. பிரசவத்துக்குத் துணையாக இந்தியாவிலிருந்து வந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்று பாவோலா அழுதாள். தன் பேரப்பிள்ளையின் சாவுச் செய்தியைச் சொன்ன அந்நியப் பெண்ணை, டீச்சர் ஒரு கல்லில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவர் கண்ணில் அப்போது தண்ணீர் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டெபோரா கேட்டாள். "எப்படி இருந்துச்சும்மா?"

"நல்லா இருந்துச்சு."

"பாவோலா நல்லா எக்ஸ்ப்ளெயின் பண்ணாங்களா?"

"ரொம்ப நல்லா."

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். மஞ்சள் சுவரைப் பார்த்ததும்தான் அது யாருக்காக அடித்த பெயிண்ட் என்று புரிந்தது. கட்டிலில் உட்கார முடியாமல் தரையில் உட்கார்ந்தார். வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதார்.

மகளே சொல்லட்டும் என்று நாலு நாள் காத்திருந்தார். அவள் வானிலை பற்றிப் பேசினாள், தாம்பரத்து மேம்பாலத்தைப் பற்றி விசாரித்தாள். ஐந்தாம் நாள் சமையலறையில் இருவரும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சரால் முடியவில்லை.

"டெபி. தயாவப் பத்தி எனக்குத் தெரியும்."

டெபோரா கத்தியை வைத்தாள். "பாவோலாவா?"

"அவங்க மேல தப்பில்ல. எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டாங்க. ஏன்டி எங்கிட்ட சொல்லல? நான் ஓடி வந்திருக்க மாட்டேனா?"

"வந்திருப்பீங்க." டெபோரா நறுக்கிய பீன்ஸை ஒரு பக்கமாகச் சேர்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ஸ்கேன் பண்ணவங்க சட்டுன்னு மானிட்டர அந்தப் பக்கம் திருப்பினாங்கம்மா. அந்த நிமிஷம் எனக்கு டாக்டர் சொன்னது எதுவும் கேக்கல. உங்க குரல்தான் கேட்டுச்சு. ஏர்போர்ட்ல போன்ல சொன்னீங்களே, அது. பிள்ளச் சத்தம் கேக்காதுன்னு."

மறந்துபோயிருந்த அந்த வாக்கியம் இப்போதுதான் முழுசாக டீச்சருக்குத் திரும்ப வந்தது.

"கோவத்துல சொன்னதுடி. சத்தியமா கோவத்துல."

"தெரியும்மா. கொடி சுத்திக்கிச்சு, அதான் காரணம். நான் சயின்ஸ் படிச்சவ, உங்க வார்த்தையால ஒண்ணும் ஆகலன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்ககிட்ட சொன்னா, ஒரே ஒரு செகண்ட் உங்க மனசுல 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு தோணிடுமோன்னு பயமா இருந்துச்சு. அப்படித் தோணிட்டா, அதுக்கப்புறம் எனக்கு அம்மாவே இல்ல. சொல்லாம இருந்தா அம்மா இருப்பாங்கல்ல?"

டீச்சர் அப்படித் தோன்றியிருக்காது என்று சொல்ல வாயெடுத்தார். தன்னைப் பற்றித் தனக்கே நிச்சயமில்லாததால் சொல்லவில்லை.

"பின்ன ஏன் என்னை வரச் சொன்ன?"

"அம்மா வேணும் போல இருந்துச்சு" என்றாள் டெபோரா. அப்போதுதான் அவள் அழுதாள்.

டீச்சர் அவள் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னைத் தயாவோட கல்லறைக்கு ஒரு தரம் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். டெபோரா தலையை அசைத்தாள். "முடியலம்மா. உங்ககூட அங்க நிக்க இப்ப என்னால முடியல. கேக்காதீங்க."

மறுநாள் மாடிப்படியில் குமரவேல் தயங்கித் தயங்கி வந்தான். "ஆன்ட்டி, அவ ஆபீஸ் போனப்புறம் நான் வேணா கூட்டிட்டுப் போறேன். கிட்டதான். பஸ்ல இருபது நிமிஷம்."

டீச்சருக்குக் கால் துடித்தது. "வேண்டாம் தம்பி. அவளுக்குத் தெரியாம நான் அங்க வந்து நிக்கக்கூடாது. அவ கூப்பிடட்டும்" என்றார்.

அவள் கூப்பிடவில்லை. மீதி நாட்கள் முடிந்து டீச்சர் ஊர் திரும்பினார்.

வந்த மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்துப் பீர்க்கன்கரணைக்கு, குமரவேல் வீட்டுக்குப் போனார். இரும்புலியூரிலிருந்து பத்து நிமிஷம்கூட ஆகாத தூரம். ஆனால் அந்த வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. இரும்பு கேட்டுக்கு வெளியே நின்று, யாரைக் கூப்பிடுவது, என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தார். உள்ளே துணி உலர்த்திக்கொண்டிருந்த குமரவேலின் அம்மா கிளியம்மாள் பார்த்துவிட்டாள். பூப்போட்ட நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா! இன்னாத்துக்கு வெளிய நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க, நம்ம வூடுதான்."

ஹாலில் சுவரோரம் சோபா, மேலே குன்றத்தூர் முருகன் படம். டீச்சர் உட்கார்ந்ததும், "நான் ரோமுக்குப் போயிட்டு வந்தேன்" என்றார்.

"தெரியும். பையன் சொன்னான்." கிளியம்மாள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். டீச்சரும் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க தயாவப் பாத்தீங்கல்ல? எப்படி இருந்தா?"

கிளியம்மாள் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்தாள். "இந்தக் கையிலதான் வாங்கினேன். நர்சு வெள்ளத் துணியில சுத்திக் குடுத்துச்சு. தூங்கற மாரியே இருந்துச்சு டீச்சரம்மா. தல நெறைய முடி. வெரலு நீளம் நீளமா. மூக்கு மட்டும் எங்க வூட்டு மூக்கு இல்ல. உங்க மூக்கு. இதோ, இப்பப் பாத்தாக்கூடத் தெரியுது."

டீச்சரின் கை தன்னை அறியாமல் மூக்குக்குப் போனது.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? இவ்வளவு கிட்ட இருக்கேன்."

"சொல்லணும்னு துடிச்சிகினு இருந்தேன். ஊருக்கு வந்தப்புறம் ரெண்டு வாட்டி உங்க தெருமொன வரிக்கும் வந்துட்டுத் திரும்பிக்கினேன். டெபி எங்கையப் புடிச்சிகினு சத்தியம் வாங்கிட்ச்சி. புள்ளையப் பறிகுடுத்துட்டுக் கெடக்கற பொண்ணுகிட்ட நான் இன்னான்னு எதுத்துப் பேசறது?"

பிறகு கிளியம்மாள் சொன்னாள்.

"ஒண்ணு மட்டும் எம் மனச அறுத்துகினே கீது டீச்சரம்மா. புள்ளைக்கு மண்ணு போடறப்போ, பாதிரியார் வேணாம்னு சொல்லிட்டு டெபியே ஒரு ஜெபம் சொல்லிச்சு. சின்னதுல படுக்கப் போவறப்போ நீங்க சொல்லிக் குடுத்ததாம். பாதிலயே தொண்ட அடைச்சிகிச்சு. மீதி எங்க யாருக்கும் தெரியல. குமாரு போன்ல தேடிப் பாத்தான், கெடைக்கல. அப்பிடியே மூடிட்டு வந்துட்டோம்."

எப்படிக் கிடைக்கும்? டெபோராவுக்கு மூன்று வயதில், இருட்டுக்குப் பயந்து அழுதவளைத் தூங்கவைக்க டீச்சர் தானாகக் கட்டிச் சொன்ன ஜெபம் அது. எதிலும் அச்சில் இல்லாதது.

"எதுல நிறுத்தினா?" என்று டீச்சர் கேட்டார்.

"எனுக்கு அது சரியாத் தெரியல. அம்மா பக்கத்துலன்னு இன்னாவோ வந்துச்சு. அதோட நின்னுபூட்ச்சி. நீங்க சொல்லுங்க டீச்சரம்மா. முழுசா ஒருவாட்டி சொல்லிடுங்க. நான் கேட்டுக்கறேன்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கிளியம்மாள் கை கூப்பினாள்.

"இயேசப்பா, விளக்க அணைச்சாச்சு. வெளிய இருட்டா இருக்கு. எனக்குப் பயமில்ல. அம்மா பக்கத்துல இருக்காங்க." அந்த இடத்தில் டீச்சருக்கும் குரல் நின்றது. கிளியம்மாள் காத்திருந்தாள். "நீங்களும் பக்கத்துல இருங்க. காலையில என்னைக் கூப்பிட்டு எழுப்புங்க. ஆமென்."

கிளியம்மாள் ஆமென் சொன்னாள். இரண்டு பேரும் அந்த ஹாலில் உட்கார்ந்து, முனிரத்தினம் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வரும்வரை அழுதார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் சர்ச் முடிந்து நேராகப் பீர்க்கன்கரணைக்குப் போய்விடுகிறார். டெபோராவின் வீடியோ கால் அங்கேதான் வரும். மாமியாரிடம் அவள் நிறையப் பேசுவாள். என்ன குழம்பு வைத்தீர்கள், மாமாவுக்குச் சுகர் எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பாள். சில சமயம் சிரிக்கவும் செய்வாள். பிறகு கிளியம்மாள் போனைத் திருப்பி, "அம்மா கீறாங்க, பேசு" என்பாள். "சாப்டீங்களாம்மா?" என்று டெபோரா கேட்பாள். "சாப்பிட்டேன்டி" என்பார் டீச்சர். அடுத்து என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. கல்லறைக்கு எப்போது கூட்டிப்போவாய் என்று டீச்சர் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. கிளியம்மாள் போனைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். மகள் அந்தப் பக்கம் பேசும் குரலைக் கேட்டபடி டீச்சர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.